அரண்மனை ஆடலும் ஆடன்மகளிரும்

சிரம்பானில் லோரோங் ஜாவா என்னும் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி ஒன்றிருப்பதை லோபாக் வாசிகளுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஜாவாக்காரர் சந்தின் பெயரிலே தமிழ்க் குழந்தைகள் அகரம் பயில்கின்றனர். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கூலிக்கென்று கப்பலேறி வந்தோர் தமிழர் மட்டுமல்லர். ஜாவாத் தீவிலிருந்தும் ஒப்பந்தத் தொழிலாளராகப் பல்லாயிரவர் வந்தனர். நம்மவரைப் போலவே அவர்களும் கையிலே மூட்டையும் நெஞ்சிலே ஊர்க்கதைகளுமாக வந்தவர்களே. ஜொகூரிலும் சிலாங்கூரிலும் அவர்தம் சந்ததியார் மூங்கிலால் முடைந்த குதிரையை இடையிற் பொருத்தி ஆடும் கூடா கெப்பாங் என்னும் கூத்தை நம்மிற் பலர் கண்டிருப்பர். அது குடியானவர் கூத்து. அந்நாட்டு அரண்மனைக்குள் ஆடப்பெறும் ஆடல் வேறு. அதனை அறிந்துகொள்வது நம் வீட்டுக் கணக்கை நாமே புரட்டிப் பார்ப்பதற்கு உதவும் என்பது நமது எண்ணம்.

நமதூர் மண்டபங்களில் பெண் குழந்தைகளின் அரங்கேற்றம் நடக்கும் நாளில், மேடையில் ஒருவர் எழுந்து இக்கலையின் வரலாற்றைக் கூறுவது வழக்கம். பரத முனிவர் வகுத்தார், கோயில்களில் வளர்ந்தது, இடையிற் சீரழிந்தது, பின்னர்ப் பெரியோர் சிலர் மீட்டனர் என்று ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடுவார். ‘இடையில்’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் பல நூற்றாண்டுகளும் எண்ணிறந்த பெண்களும் அடங்கிப் போகின்றனர். அவர்கள் யாவர், எவ்வளவு ஊதியம் பெற்றனர், என்ன ஆயினர் என்று கேட்பார் இல்லை. சீர்திருத்தம் பேசும் நாமும் நெடுநாள் கேட்டோமில்லை. பொட்டுக்கட்டு ஒழிந்ததென்று மகிழ்ந்தோம். கதை அத்தோடு முடிந்ததென்று இருந்துவிட்டோம்.

ஜாவாவுக்கு வருவோம். மத்தரம் என்னும் பேரரசு அத்தீவின் நடுப்பகுதியை ஆண்டது. ஒல்லாந்தர் தலையீட்டால் 1755-ம் ஆண்டில் அது சுராகர்த்தா, யோக்யகர்த்தா என இரு கூறாகப் பிளந்தது. நாடு போயிற்று, படை போயிற்று. ஒல்லாந்தர் விட்டுவைத்த மதில்களுக்குள் மன்னர்களுக்கு எஞ்சியது சடங்கும் இசையும் ஆடலுமே. வாளால் காட்ட முடியாத பெருமையை அவர்கள் ஆடலாற் காட்டினர் என்று சொன்னால் மிகையாகாது. தஞ்சை மராட்டிய மன்னரின் கதையை அறிந்தோருக்கு இது புதிதாய்த் தோன்றாது.

சுராகர்த்தா அரண்மனையின் தலையாய ஆடல் பெடோயோ கெதாவாங் என்பது. 17-ம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆண்ட சுல்தான் ஆகுங் காலத்தில் அது தோன்றியதென்பது மரபு. தென்கடலரசி ராத்து கிடுல் மத்தரத்து மன்னர்க்கெல்லாம் மனைவி என்றும், அவளே இவ்வாடலைக் கற்பித்தாள் என்றும் கூறுவர். அரசன் முடிசூடிய நாளின் ஆண்டு நிறைவிலே ஒன்பது பெண்கள் இதனை ஆடுவர். அவ்வேளையில் கடலரசி தானும் வந்து பத்தாமவளாய் ஆடுகிறாள் என்பது நம்பிக்கை. ஆகவே அப்பெண்கள் நோன்பிருந்தே ஆடுகின்றனர். அந்நாட்டில் ஏழு நாள் வாரத்தோடு ஐந்து நாள் வாரமும் வழங்குகிறது. இரண்டும் கூடிவரும் குறித்த ஒரு செவ்வாய்க்கிழமை 35 நாளுக்கு ஒருமுறை வரும். அந்நாளிலேதான் ஒத்திகை.

ஒன்பது பேருக்கும் ஒரே உடை, ஒரே ஒப்பனை. பார்வை தாழ்ந்திருக்கும்; முகத்திலே சிரிப்புமில்லை, சினமுமில்லை. காமெலான் இசை நீர் தேங்கியதுபோல் மெல்ல அசைய, அவர்கள் துகிலின் முனையை விரலால் ஏந்தி வீசி நகர்கின்றனர். ஒவ்வொருத்திக்கும் ஆட்டத்தில் ஒரு பெயருண்டு: தலையைக் குறிப்பவள் ஒருத்தி, கழுத்தைக் குறிப்பவள் ஒருத்தி, மார்பைக் குறிப்பவள் ஒருத்தி, ஆசையைக் குறிப்பவள் ஒருத்தி என இவ்வாறு. ஒன்பது பேரும் சேர்ந்தால் ஒரு மனிதவுடல். அறிவும் ஆசையும் பிரிந்து போராடிப் பின்னர் ஒன்றுபடுவதே ஆட்டத்தின் பொருள் என்று அந்நாட்டு ஆசிரியர் விளக்குவர். நால்வர் ஆடும் ஸ்ரிம்பி என்பது வேறொன்று. அதுவும் இந்தச் சாயலினதே. யோக்யகர்த்தாவில் ஆடுவோர்க்கு நான்கு நெறிகள் விதிக்கப்பட்டுள்ளன: மனம் ஒருமுகப்படல், உள்ளே கனல் இருத்தல், தன்மீது நம்பிக்கை, பின்வாங்காமை. அவ்வரசை நிறுவிய முதலாம் ஹமெங்குபுவோனோவே இவற்றை வகுத்தாரென்பர். கண்டோர் கைதட்டுவதைப் பற்றி இந்நான்கில் ஒரு சொல்லும் இல்லை என்பதை நேயர்கள் கவனிக்க.

இவற்றையெல்லாம் கேட்டு, அவ்வரண்மனைகளைத் தூய தவச்சாலைகளென்று எண்ணிவிட வேண்டா. ஆடிய பெண்களிற் பலர் அரசனுடைய காமக்கிழத்தியராயினர். மன்னன் விரும்பினால் மறுக்கும் நிலையில் அவர்கள் இல்லை. கடலரசியின் கதையைப் பாட்டிலே கேட்கலாம். ஆடியவளின் கதையைக் கேட்க வழியில்லை. இவ்விஷயத்தில் ஜாவாவும் தஞ்சையும் ஒன்றே.

ஆனால் ஓரிடத்தில் அவர்கள் வழியும் நம் வழியும் பிரிந்தன. 1918-ம் ஆண்டில் யோக்யகர்த்தா சுல்தானுடைய புதல்வர்களான தேஜகுசுமா, சூரியதிநிங்கிராட் ஆகிய இருவரும் தந்தையின் அனுமதி பெற்று, கிருத பெக்சா விராமா என்றொரு பள்ளியைத் தொடங்கி, அதுவரை மதிலுக்குள் அடைபட்டிருந்த ஆடலை வெளியார்க்குக் கற்பித்தனர். புதுக்கல்வி பெற்ற ஜாவா இளைஞர்கள் வந்து பயின்றனர். காத்துவந்தவர்களே கதவைத் திறந்துவிட்டனர் என்க. அதனால் ஆடலுக்குப் பழைய பெயர் மாறவில்லை, ஆசிரிய மரபும் அறுபடவில்லை. 1927-ம் ஆண்டில் மலாயா வழியாக அங்குச் சென்ற இரவீந்திரநாத் தாகூர் அரண்மனை ஆடல்களைக் கண்டு வியந்து எழுதிய கடிதங்கள் பேர்பெற்றவை.

நம் தீபகற்பத்திலும் இதன் கிளையொன்று உண்டு. ரியாவ்-லிங்கா அரண்மனையிலிருந்து பகாங்குக்கும், அங்கிருந்து திரெங்கானுவுக்கும் வந்த ஜோகெட் காமெலான் என்பதே அது. பகாங் சுல்தான் அகமதின் மகள் தெங்கு மரியம் திரெங்கானு சுல்தான் சுலைமானை மணந்தபின் அவ்வரண்மனையில் இதனை வளர்த்தார். 1942-ல் சுல்தான் காலமானார்; யுத்தமும் வந்தது; ஆடல் நின்றது. 1966-ம் ஆண்டில் பழைய இசைக்கருவிகள் கண்டெடுக்கப்பட்டன. முதுமையடைந்திருந்த தெங்கு மரியமும் பழைய ஆடன்மகளிரும் நினைவிலிருந்ததைக் கற்பிக்க, 1969-ல் கோலாலம்பூரில் அது மீண்டும் மேடையேறிற்று. ஆடியவர்களையே அழைத்துக் கேட்டார்கள் என்பதைக் குறித்துக்கொள்வோம். பின்னே இது தேவைப்படும்.

நிற்க. தமிழ்நாட்டில் அரசவை ஆடலின் பழமைக்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்து மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டில் சோழன் முன்னே அரங்கேறினாள். தலைக்கோற் பட்டமும் 1008 கழஞ்சுப் பொன்னும் பெற்றாள். ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரது தகுதிகளையும் அரங்கின் நீள அகலத்தையும் அக்காப்பியம் கூறுகிறது. ஆயின் காவியம் காவியமே. கணக்கு வேண்டுவோர் தஞ்சைப் பெரியகோயிற் சுவரைப் பார்க்க வேண்டும்.

முதலாம் இராசராசன் 1014 வாக்கில் அச்சுவரில் ஒரு பட்டியலைப் பொறிக்கச் செய்தான். சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்தும் 400 ஆடன்மகளிர் வரவழைக்கப்பட்டுப் பெரியகோயிலைச் சூழ்ந்த தளிச்சேரித் தெருக்களிற் குடியேற்றப்பட்டனர். ஒவ்வொருத்திக்கும் வீடு ஒன்று. ஆண்டுக்கு 100 கலம் நெல் விளையும் பங்கு ஒன்று. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊரிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று அக்கல் சொல்கிறது. நட்டுவம் செய்வோருக்கு இரண்டு பங்கு. ஒருத்தி இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவளுடைய உறவினரில் தகுதியுடையவள் அப்பங்கைப் பெறுவாள் என்ற விதியும் உண்டு. உழுதவன் பெயரையும் கல் சுமந்தவன் பெயரையும் எழுதாத அரசு, ஆடியவள் பெயரைக் கதவிலக்கத்தோடு எழுதியது. அதனை அன்பென்று கொள்ள வேண்டா. உடைமைக் கணக்கென்றும் கொள்ளலாம். ஆயினும் எழுதினான்.

சோழர்க்குப்பின் தஞ்சையை நாயக்கரும், 1676 முதல் மராட்டியரும் ஆண்டனர். ஆடல் கோயிலிலும் நடந்தது, கொலுமண்டபத்திலும் நடந்தது. ஆடியவர்களிற் பலர் எழுத்தறிந்தோர்; நூலியற்றியோரும் உண்டு. குலப்பெண்டிர் ஏட்டைத் தொடுவது குற்றமென்றிருந்த காலம் அது! பிரதாபசிம்மன் அவையிலிருந்த முத்துப்பழனி தெலுங்கிலே ‘ராதிகா சாந்த்வனம்’ என்ற காவியத்தை எழுதினாள். 1910-ல் பெங்களூர் நாகரத்தினம்மாள் அதனைப் பதிப்பித்தார். ஆபாசமென்று சொல்லிச் சர்க்கார் தடை செய்தது. தடை நீங்கியது 1947-ல்.

இன்று நம் பெண்கள் பயிலும் வரிசை யாரால் வந்தது? இரண்டாம் சரபோஜி (1798-1832), அவர் மகன் சிவாஜி (1832-1855) ஆகியோர் காலத்தில் வாழ்ந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் உடன்பிறந்தார் நால்வரால் வந்தது. முத்துசுவாமி தீட்சிதரிடம் இசை பயின்றவர்கள் இவர்கள். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று ஒழுங்குபட அமைத்தவர்கள் இவர்களே. இளையவரான வடிவேலு திருவாங்கூர் சுவாதித் திருநாள் மகாராஜாவின் அவைக்குப் போய், தந்தத்தாலான பிடிலைப் பரிசாகப் பெற்றார். சின்னையா மைசூருக்குப் போனார். பரத முனிவர் பெயரை நூறு முறை சொல்லும் மேடையில் இந்நால்வர் பெயர் ஒருமுறை வந்தால் நாம் பாக்கியசாலிகள்.

அந்நாளிலே இதற்குச் சதிர் என்று பெயர். மேளக்காரர் அமர்ந்திருப்பதில்லை. ஆடுபவளின் பின்னே நின்று, அவள் முன்வர முன்வந்தும், அவள் பின்செல்லப் பின்சென்றும் வாசித்தனர். நாயனக் கச்சேரியைப் பெரியமேளம் என்றும் இதனைச் சின்னமேளம் என்றும் வழங்கினர். ஜாவா ஆடலை மேலே கண்டோமல்லவா? அங்கே ஒன்பது பெண்கள் முகக்குறிப்பை அடக்கி ஒரு மனிதராகின்றனர். நம் சதிரிலோ ஒருத்தியே தலைவியாகிறாள், தோழியாகிறாள், தலைவனுமாகிறாள். பதத்தின் ஒரே அடியைப் பத்து விதமாக அபிநயிக்கிறாள். கண்ணைத் தாழ்த்தினால் இவ்வாடலே இல்லை. இரண்டும் அரசவை ஆடலேயாயினும் ஒன்று ஆடுபவளை மறைப்பது, மற்றது அவளையே நம்பி நிற்பது. ஆகவேதான் அவளை அகற்றியபோது நமக்கு நேர்ந்த நஷ்டம் பெரிது.

கோயிலில் அவளுக்கு வேறு கடமையும் உண்டு. உற்சவர் உலாப்போய்த் திரும்பியதும் கண்ணேறு கழியக் கும்பாரத்தி சுற்றுவது அவளே. தெய்வத்தை மணந்தவளாதலின் அவளுக்குக் கைம்மை இல்லை. நித்திய சுமங்கலி என்றனர். விதவையைக் கண்டால் சகுனத்தடை என்று ஒதுங்கிய அதே சமூகம் இவளைக் கண்டால் நற்சகுனம் என்றது. சொத்து தாயிடமிருந்து மகளுக்குப் போயிற்று. இவ்வளவும் உண்மை. ஆனால் பொட்டுக்கட்டும்போது அச்சிறுமியின் வயதென்ன? அவளைக் கேட்டவர் யார்? கோயிலில் நெல், அரண்மனையில் சால்வை. அவ்விரண்டும் குறைந்தபோது, மைனர்களின் பணப்பை ஒன்றே கதியாயிற்று.

குறைந்தது 1855-ல். சிவாஜி மன்னர் ஆண்வாரிசின்றி இறந்தார். கும்பினியார் அவ்வரசை எடுத்துக்கொண்டனர். தஞ்சைக் கலைஞர்கள் சென்னைக்கும் பிற ஊர்களுக்கும் சிதறினர். 1893 வாக்கில் சென்னைச் சீர்திருத்தக்காரர், இனிச் சதிர்க்கச்சேரிகளுக்கு வருவதில்லையென்று உறுதிகொள்ளுமாறு வைசிராயையும் கவர்னரையும் வேண்டினர். தாம் கண்டவற்றில் தகாதது ஒன்றுமில்லையென்று மறுத்துவிட்டனர் அவர்கள். ஆயினும் கனவான்கள் விலகத் தொடங்கினர். தாசி வீட்டுக்குப் போவதை விட்டார்களா என்றால் அது வேறு கதை.

உண்மையான போர் அவ்வினத்துப் பெண்கள் தாமே எழுந்தபோதுதான் தொடங்கிற்று. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் (1883-1962) ஏழை வீட்டிற் பிறந்து, சிறுமியாயிருக்கும்போதே தாசி வீடொன்றுக்கு விற்கப்பட்டவர். பொட்டுக்கட்டை எதிர்த்து ஊரூராகப் பேசினார். 1936-ல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்னும் நாவலை வெளியிட்டார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தாயார் சந்திரம்மாளும் அவ்வினத்தவரே. டாக்டரம்மாள் சென்னைச் சட்டசபையில் அமர்ந்த முதற்பெண்மணி. அவர் முயற்சியால் 1929-ல் திருத்தம் ஒன்று நிறைவேறிற்று. கோயில் ஊழியத்தோடு பிணைக்கப்பட்டிருந்த இனாம் நிலங்கள் அவ்வூழியத்தினின்று விடுபட்டு அப்பெண்களுக்கே உரியவாயின. எதிர்த்தோரில் சத்தியமூர்த்தியும் ஒருவர். ‘குடி அரசு’ ஆதரித்தது. பொட்டுக்கட்டைத் தடுக்கும் முழுச்சட்டம் 1947-ல் வந்தது.

எதிர்த்த இன்னொருவர் நாகரத்தினம்மாள். நம் பத்திரிகைகள் அவரைப் பிற்போக்கென்று ஒரே சொல்லால் தள்ளிவிட்டன. நாமோ இப்போது அவர் வாதத்தைச் சற்று நின்று கேட்க விரும்புகிறோம். ஒழுக்கக் கேட்டை ஒழியுங்கள். எங்கள் தொழிலையும் கல்வியையும் அதனோடு சேர்த்து ஒழிக்காதீர்கள் என்பதே அவருடைய தரப்பினர் கேட்டது. திருவையாற்றிலே தியாகராஜ சுவாமி சமாதிக்குத் தம் பொருளால் கோயில் எழுப்பியவர் அவர். அவர் கேட்டது தவறா? 1947-ம் ஆண்டுச் சட்டம் பொட்டுக்கட்டைத் தடுத்ததோடு நில்லாமல், கோயில் எல்லையிலும் சுவாமி ஊர்வலத்திலும் திருவிழாவிலும் பெண் ஆடுவதையே, கும்பாரத்தியோடும் அஃதின்றியும், சட்டவிரோதமென்று கூறிற்று. பொட்டுக்கட்டைத் தடுத்தது நியாயம், முழு நியாயம். அதிலே நமக்கு இன்றும் ஐயமில்லை. ஆடலைத் தடுத்தது, ஆடித் தெரிந்தவளுக்கு வேறு பிழைப்புக் காட்டாமலே தடுத்தது. டாக்டரம்மாள் நிறுவிய அவ்வை இல்லம் போன்றவை எத்தனை பேரைத் தாங்க முடியும்?

அச்சமயத்திலேயே மற்றொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. 1931-ல் சென்னை மியூசிக் அகாடமி கல்யாணியின் பெண்களை அழைத்து ஆடச் செய்தது. வக்கீல் ஈ. கிருஷ்ணய்யர் சதிருக்காகப் பத்திரிகையில் வாதாடினார். சதிர் என்ற பெயர் மறைந்து பரதநாட்டியம் என்ற பெயர் வேரூன்றிற்று. ருக்மிணி தேவி, மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்று 1935-ல் அடையாற்றில் ஆடினார்; 1936-ல் கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கினார். பிராமணப்பெண் சதிர் ஆடுவதா என்று ஊர் சிரித்த காலத்தில் அவர் காட்டிய துணிவு சிறிதன்று. ஆனால் நாலைந்து வருஷத்துக்குள் நிலைமை தலைகீழாயிற்று. குலப்பெண் ஆடினால் கலை. அக்கலையை அவளுக்குக் கற்பித்த குடும்பத்துப் பெண் ஆடினால் இழிவு! நட்டுவனார்களுக்கேனும் புதுப்பள்ளிகளில் ஆசிரிய இடம் கிடைத்தது. ஆடிய பெண்களிற் பெரும்பாலோர்க்கு அதுவுமில்லை.

விதிவிலக்கானவர் பாலசரஸ்வதி (1918-1984). தஞ்சை அவையில் ஆடிய பாப்பம்மாளின் வழிவந்தவர். வீணை தனம்மாளின் பேத்தி. நால்வர் மரபினரான கந்தப்பா பிள்ளையின் மாணவி. 1925-ல் காஞ்சீபுரத்தில் அரங்கேறியபோது அவருக்கு வயது ஏழு. சிருங்காரத்தைத் துடைத்து ஆடலைத் தூய்மை செய்தோம் என்றோரை அவர் ஏற்கவில்லை. துடைப்பதற்கு அங்கே அழுக்கில்லை என்பது அவர் நிலை. 1975-ல் தமிழிசைச் சங்கத்தில் பேசியபோது, அலாரிப்பு முதல் தில்லானா வரையுள்ள வரிசையை, கோபுர வாயிலிற் புகுந்து கருவறை சேர்வதற்கு ஒப்பிட்டார்.

பின்னர் 1981-ல் சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி தொடங்கிற்று. எந்த வெளியில் ஆடுவது குற்றமாயிருந்ததோ அவ்வெளியில் இன்று உலகெங்குமிருந்து வந்து ஆடுகின்றனர். அதே 1981-ல் கோலாலம்பூரில் நுண்கலைக் கோயில் எழுந்தது; 1983-ல் ராம்லி இப்ராகிம் என்ற மலாய்க் கலைஞர் சூத்திரா குழுவை அமைத்தார். அவர் பரதம் கற்றது அடையாறு லட்சுமணனிடம். கலை எவருக்கும் பிறப்புரிமையன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ? சிரம்பான் சுற்றுவட்டாரத் தோட்டங்கள் பல வீட்டுமனைகளாய் மாறிவிட்டன. அங்கே பால்மரம் வெட்டியவர்களின் பேத்திமார் இன்று தட்டடவு பயில்கின்றனர். தஞ்சை அரண்மனை வாயிலிற்கூட நிற்க விடப்படாதிருந்த குடிகளின் பிள்ளைகள் அவர்கள். சீர்திருத்தத்தால் விளைந்த நன்மைகளில் இதனையும் ஒன்றாக நாம் எண்ணுகிறோம்.

ஆனால் திரெங்கானுவில் செய்ததை நாம் செய்யவில்லை. ஆடியவர்களை அழைத்துக் கேட்கவில்லை. விராலிமலை முருகன் கோயிலில் 32 ஆடன்மகளிர் இருந்தனர். ஏழு வயதிற் பொட்டுக்கட்டப்பட்டு, மலைப்படி ஏறிச் சென்று ஆடிப் பாடிய முத்துக்கண்ணம்மாள் அவர்களிற் கடைசியாக எஞ்சியவர். இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ பட்டம் அளித்தது 2022-ல். சட்டம் வந்து 75 ஆண்டுக்குப் பிறகு. மற்ற முப்பத்தொருவரும் என்ன பாடினர், எப்படி ஆடினர் என்பது அவர்களோடு போயிற்று.

லோபாக்கிலோ பக்கத்து ஊர்களிலோ அடுத்த அரங்கேற்றத்துக்கு அழைப்பிதழ் அச்சிடும் பெற்றோரிடம் நமக்கொரு விண்ணப்பம் உண்டு. குருமார் பெயர்களுக்கும் பிரமுகர் பெயர்களுக்கும் மேலே ஒரு வரி இடம் விடுங்கள். எந்தப் பெயரை அங்கே இடுவதென்று தேட வேண்டியதில்லை. பெரியகோயிற் சுவரிற் கிடக்கிறது பட்டியல். தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு: அவ்வீட்டுக்காரியின் பெயர் நக்கன் சேரமங்கை.